பின்சீட்டின் சூடு

சாரல் விடாமல் விழுந்துகொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை மதியம், அந்த வெள்ளை வண்டி நான்கு கண்ணாடிகளையும் அடிவரை இறக்கிவிட்டபடி மாரிச்செல்வத்தின் மெக்கானிக் ஷெட்டுக்குள் நுழைந்தது.

குற்றாலத்தில் சீசன் தொடங்கி மூன்றாவது வாரம். மலை தெரியாதபடி மேகம் இறங்கியிருந்தது. இலஞ்சி ரோட்டில் போன வண்டிகளெல்லாம் கண்ணாடியை ஏற்றி வைப்பரை ஆட்டிக்கொண்டு போக, இது ஒன்றுதான் மழையை உள்ளே வாங்கிக்கொண்டு வந்தது. ஓட்டி வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும். சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது. சீட்டிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவர் இறங்கி, கதவைச் சாத்தாமல் இரண்டு எட்டு தள்ளிப் போய் நின்று மூச்சு வாங்கினார்.

“கண்ணாடி மோட்டார் போயிட்டா அண்ணாச்சி?” என்று கேட்டான் மாரிச்செல்வம்.

“அது நல்லாத்தான் இருக்கு.”

சாவியைக் கையில் தராமல் பானெட் மேல் வைத்துவிட்டு, கொட்டுகிற மழையில் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்துவிட்டார். திரும்பிப் பார்க்கவில்லை.

வண்டிக்குச் சொந்தக்காரர் செந்தில்வேல் பின்னாலேயே புல்லட்டில் வந்து இறங்கினார். ஆலங்குளத்தில் செங்கல் சூளை வைத்திருப்பவர். அவ்வளவு பெரிய வண்டியை முன்னால் விட்டுவிட்டு, மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு பைக்கில் வருகிற முதலாளியை மாரிச்செல்வம் அன்றுதான் பார்த்தான்.

“நீருதான் துபாய்ல வேல பாத்த ஆளா?”

“சார்ஜா அண்ணாச்சி. ஒம்பது வருசம்.”

“வண்டி கொதிக்குது. திருநெல்வேலில மூணு எடத்துல காட்டியாச்சு. ரேடியேட்டர மாத்துனானுவ, வாட்டர் பம்ப மாத்துனானுவ. ஒரு பயலுக்கும் வேல தெரியல. அர மணி நேரம் ஓடுனா உள்ள இருக்க முடியல.”

“மீட்டர்ல முள்ளு ஏறுதா?”

செந்தில்வேலின் முகம் மாறியது. “மீட்டரு கெடக்குது வே. கொதிக்குதுன்னு நான் சொல்லுதேன்லா? ஆயில் கூலர் பெருசாப் போட்டா அடங்கிரும்னு சொன்னானுவ. போடும். ஞாயித்துக்கிழமை நான் வருவேன். சரியாகலன்னா...” ஷெட்டின் தகரக் கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். “இந்த எடம் எங்க மச்சானுக்கு உள்ளது. தெரியும்லா?”

தெரியும். வாடகைப் பத்திரத்தில் அந்த மச்சானின் பெயரைப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டிருந்தான்.

அவர் போனபின் மாரிச்செல்வம் பானெட்டைத் திறந்தான். மற்றதில் அவனுக்குப் பயம் உண்டு, சூட்டு வேலையில் கிடையாது. பாலைவனத்தில் மணல்மேட்டில் ஏறி விளையாடுகிற அரபிகளின் வண்டிகளுக்கு ஒன்பது வருடம் கூலர் மாட்டியவன். எஞ்சினுக்குத் தண்ணீர் எவ்வளவு ஊற்றினாலும் உள்ளே உரசுகிற இரும்பின் சூட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுவது எண்ணெய்தான் என்று அவனுக்குத் தெரியும். அந்த எண்ணெயை வெளியே கொண்டுவந்து காற்றில் ஆற வைத்துத் திரும்ப அனுப்ப வேண்டும். ரொம்பவும் ஆறக்கூடாது, அதுவும் எஞ்சினுக்கு ஆகாது. நடுவில் ஒரு தெர்மோஸ்டாட் வைத்து, எண்பது டிகிரி தாண்டினால் மட்டும் கூலருக்கு வழி திறக்கிறமாதிரி செய்துவிட்டால் முடிந்தது.

கூரை ஒழுகிச் சீட் இன்னும் நனைய வேண்டாமென்று நான்கு கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டு வேலையைத் தொடங்கினான். பழைய சின்னக் கூலரைக் கழற்றினான். முன் கிரில்லுக்குப் பின்னால் பத்தொன்பது வரிசைக் கூலரை நிறுத்தி, பிராக்கெட் அடித்து, பில்டருக்கு அடியில் தெர்மோஸ்டாட் பிளேட்டைச் செருகினான். ஹோஸ் எங்கேயும் உரசாதபடி வளைத்துக் கட்டினான். இடையில் மனைவி இசக்கிசெல்வி போன் செய்தாள். பேசிவிட்டு நிமிர்ந்தபோதுதான் கவனித்தான்.

கண்ணாடிகள் வெளுத்திருந்தன.

மழைக் குளிருக்குக் கண்ணாடி வெளுப்பது சகஜம்தான். விரலை வைத்துத் தேய்த்தான். போகவில்லை. வெளுப்பு உள்ளேயிருந்து வந்திருந்தது. ஆள் உட்கார்ந்து மூச்சுவிட்ட வண்டிதான் அப்படி ஆகும். இது இரண்டு மணி நேரமாகப் பூட்டிக் கிடக்கிறது. பேட்டரியைக்கூடக் கழற்றி வைத்திருந்தான்.

பின்கதவைத் திறந்தான். சூடு முகத்தில் அறைந்தது. சூளை வாயைத் திறந்தாற்போல ஈரமே இல்லாத சூடு. அதற்குள் ஒரு வாடை. வேர்த்து உலர்ந்து திரும்பவும் வேர்த்த வேட்டியின் வாடை. அதற்கும் அடியில், பக்கவாதக்காரர்களுக்குத் தேய்க்கிற தைலம். குனிந்து எஞ்சினைத் தொட்டுப் பார்த்தான். சில்லென்றிருந்தது. ரேடியேட்டரும் சில்லென்றிருந்தது. பின்சீட்டில், இடது பக்கம், கையை வைத்தான்.

சுட்டது. வெடுக்கென்று எடுத்துவிட்டான்.

மீதி வேலையை நான்கு கதவுகளையும் திறந்து போட்டுத்தான் செய்தான். ஏன் என்று தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை காலை எண்ணெய் ஊற்றி, டேஷ்போர்டில் ஆயில் சூட்டைக் காட்டுகிற மீட்டரைப் பொருத்தி, செங்கோட்டை வழியாகப் புளியரைக்கு வண்டியை எடுத்தான். மலையேற்றம்தான் கூலருக்குச் சரியான சோதனை. வளைவுகளில் கேரளாவுக்குப் போகிற லாரிகள் முக்கி முனகிக்கொண்டிருந்தன. இரண்டாவது கியரில் அடித்து ஏற்றினான். எண்பது. எண்பத்தைந்து. எண்பத்தெட்டு. அங்கேயே நின்றது. எவ்வளவு மிதித்தாலும் எண்பத்தெட்டு. மாரிச்செல்வத்துக்குச் சிரிப்பு வந்தது. திருநெல்வேலிக்காரர்கள் மூன்று பேரும் தோற்ற இடம் இது. மழை வலுக்கவும் அந்தச் சந்தோஷத்திலேயே பொத்தானை அழுத்திக் கண்ணாடிகளை ஏற்றினான்.

முதலில் கழுத்துக்குப் பின்னால்தான் தெரிந்தது. வெயிலில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பதுபோல ஒரு காந்தல். ஏசியைக் கூட்டினான். முகத்தில் குளிர் அடித்தது, முதுகில் காந்தல் கூடியது. தைல வாடை வந்தது. எஞ்சின் இரைச்சலுக்கும் வைப்பர் சத்தத்துக்கும் நடுவில் வேறொன்றும் கேட்டது. உள்ளங்கையை மெதுவாகக் கண்ணாடியில் தட்டுகிற சத்தம். தட்டக்கூடத் தெம்பில்லாத கை. ஒரு தட்டு. நெடுநேரம் கழித்து இன்னொன்று.

தலைக்கு மேலிருந்த பின்பார்வைக் கண்ணாடியில் பார்த்தான். சீட் காலி. ஆனால் இடது பக்கப் பின் கண்ணாடி மட்டும் வெளுத்திருந்தது. அந்த வெளுப்பு சுருங்கியது. விரிந்தது. சுருங்கியது.

மூச்சு.

பிரேக்கை மிதித்தான். பின்னால் வந்த லாரிக்காரன் மலையாளத்தில் வைதுகொண்டே ஒதுங்கிப் போனான். கதவு திறக்கவில்லை. பூட்டுப் பொத்தானை இழுத்தான், அது உள்ளே போயிற்று. மறுபடி இழுத்தான். மறுபடி உள்ளே. தொண்டை காய்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தோளால் மோதினான். நாலாவதோ ஐந்தாவதோ மோதலில் கதவு விட்டது. சாக்கடையோரச் சேற்றில் போய் விழுந்தான். மழை மேலெல்லாம் கொட்டியது. அப்படியே வாயைத் திறந்துகொண்டு கிடந்தான்.

எழுந்து எட்டிப் பார்த்தபோது மீட்டர் எண்பத்தெட்டைக் காட்டிக்கொண்டிருந்தது.

நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டு, நனைந்துகொண்டே செங்கோட்டைக்கு வந்தான். வண்டியைக் கொண்டுவந்து விட்ட டிரைவரின் பெயர் கடற்கரை என்பதையும், அங்கேயே பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கம் மச்சினன் வீட்டில் இருக்கிறார் என்பதையும் போனில் நாலு பேரிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டான். கடற்கரை வாசலுக்கு வந்தார். இவன் நனைந்து நிற்பதைப் பார்த்தார்.

“கண்ணாடிய ஏத்திட்டீராக்கும்” என்றார்.

“உள்ள யாரு அண்ணாச்சி?”

கடற்கரை வாசற்படியில் உட்கார்ந்தார். பிறகு குரலை ஏற்றாமல் சொன்னார்.

“மொதலாளிக்கு அண்ணன். சுடலையாண்டின்னு பேரு. வாதம் வந்து வலது பக்கம் விழுந்துட்டு, பேச்சும் இல்ல. நெலமெல்லாம் அவரு பேர்லதான் கெடந்துச்சு. சித்திர மாசம் தென்காசிக்குப் பத்திரம் பதியக் கூட்டிட்டுப் போனோம். இவருதான் அண்ணன் கட்டவெரலப் பிடிச்சு மையில ஒத்தி அழுத்துனாரு. அவரு வெரல மடக்கப் பாத்தாரு. இவரு விடல. நிமித்தி நிமித்தி அழுத்துனாரு. பொறவு ஆள வண்டில தூக்கி வச்சோம். கண்ணாடிய ஏத்து, வண்டியப் பூட்டு, வா சாப்பிடப் போவோம்னாரு.”

“வெயில்ல?”

“மொட்ட வெயில்ல. நான் சாப்பாட்டுல இருந்து ரெண்டு தடவ எந்திச்சேன். ‘ஒக்காரு லே’ன்னாரு. ஒக்காந்தேன்.” தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டார். “ரெண்டு மணி நேரம். மறந்து போச்சுன்னு ஊர்ல சொன்னாரு. எல்லாரும் நம்பிட்டாவ. நானும் அதையே சொன்னேன்.”

“அந்த வண்டிய ஏன் இன்னும் வச்சிருக்காரு? வித்துத் தொலைக்க வேண்டியதுதான?”

“வித்தா பயந்ததா ஆயிரும்லா. அது எஞ்சின் சூடுதான்னு யாராவது ஒருத்தன் சொல்லணும் அவருக்கு. அதுக்குத்தான் ஊர் ஊரா அலையுதாரு.” எழுந்து உள்ளே போகத் திரும்பியவர் நின்றார். “வண்டில அவருகூட ஏறிராதீரும்.”

வீட்டுக்கு வந்து இசக்கிசெல்வியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. அவன் முதுகில் சட்டைக்கு அடியில் வெந்ததுபோல் சிவந்திருந்த தோலை மட்டும் தொட்டுப் பார்த்தாள். “சாவியக் குடுத்துட்டு வந்துருங்க. ஷெட்டு போனாப் போகுது” என்றாள். செந்தில்வேலுக்குப் போன் போட்டான். வேலை முடிந்தது, ஆளை விட்டு எடுத்துக்கொள்ளுங்கள் என்றான்.

“நாளைக்கு நான் வாரேன். நீரு ஓட்டும், நான் பக்கத்துல இருக்கேன். சரியா இருந்தா ஒமக்கும் எனக்கும் சண்ட இல்ல. வராம ஒளிஞ்சீர்னா திங்கக்கிழமை ஷெட்டுல தகரம் இருக்காது.”

ஞாயிறு மூன்று மணிக்கு வந்தார். சலவை வேட்டி, கையில் மடித்த துண்டு. “ஐந்தருவி வரைக்கும் போயிட்டு வருவோம். சரியா இருந்தா ஒரு குளியலும் போட்டுருவோம்” என்றார். அந்தக் குரலில் ஒரு பொய்யான கலகலப்பு. முன்சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் சொன்னார்: “கண்ணாடிய ஏத்தும்.”

“தொறந்தே கெடக்கட்டும் அண்ணாச்சி.”

“ஏத்து லே.”

ஏற்றினான்.

குற்றாலத்தில் சீசன் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். வேன்கள், பஸ்கள், ஈரத் தலையோடு ரோட்டை அடைத்துக்கொண்டு நடக்கிற குடும்பங்கள். மங்குஸ்தான் கடைகள், நேந்திரங்காய் வறுக்கிற எண்ணெய் வாசம், எல்லாவற்றுக்கும் மேலாக அருவியின் இரைச்சல். பேரருவி தாண்டி ஐந்தருவி ரோட்டில் திரும்பியதும் வண்டிகள் நகராமல் நின்றன. கண்ணாடிக்கு வெளியே சாரல் புகைபோல விழுந்துகொண்டிருந்தது. குளிரில் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு பையன் அப்பாவின் தோளில் போனான்.

உள்ளே சூடு ஏறத் தொடங்கியது.

செந்தில்வேல் துண்டால் நெற்றியைத் துடைத்தார். கழுத்தைத் துடைத்தார். ஏசியை முழுக்கத் திருப்பினார். “மீட்டரு என்ன காட்டுது?”

“எம்பத்தெட்டு.”

“கூடலையா?”

“கூடல.”

“அப்பம் இது என்ன சூடு?”

மாரிச்செல்வம் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “இது எஞ்சின் சூடு இல்ல அண்ணாச்சி.”

செந்தில்வேல் அவன் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். “எவன் சொன்னான்? கடற்கரையா? எஞ்சின் சூடுதான்னு சொல்லு லே. சொல்லு.” எச்சில் தெறித்தது. மூச்சு இரைந்தது. “பின்னால என்ன இருக்கு? வெறும் சீட்டு. பாரு. நானே பாக்கேன்.”

பின்பக்கம் திரும்பினார்.

திரும்பியவர் அப்படியே இருந்தார்.

காலரைப் பிடித்திருந்த கை மெல்ல நழுவியது. மாரிச்செல்வம் பின்னால் பார்க்கவில்லை. மேலே இருந்த கண்ணாடியையும் பார்க்கவில்லை. தைல வாடையில் கண் எரிந்தது. வண்டியை ஒரு புளியமரத்தின் அடியில் ஒதுக்கி, எஞ்சினை அணைத்து, சாவியை உருவினான். அவன் பக்கத்துக் கதவின் பூட்டு தானாக ‘டக்’ என்று விட்டது.

அவன் பக்கம் மட்டும்.

இறங்கினான். கால் ஈர ரோட்டில் படவும் கதவு பின்னால் சாத்திக்கொண்டது. நான்கு பூட்டுகளும் விழுந்தன.

உள்ளே செந்தில்வேல் அசைந்தார். கதவை இழுத்தார். கண்ணாடியில் உள்ளங்கையால் அறைந்தார். வாய் அகலத் திறந்து மூடியது. அருவியின் இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. கண்ணாடிகள் கீழேயிருந்து மேலாக வெளுக்கத் தொடங்கின.

அவர் எப்பேர்ப்பட்ட ஆளாக இருந்தாலும் அப்படி விட்டுவிட்டுப் போக மாரிச்செல்வத்தால் முடியாது. சாவியை உயர்த்தினான். சாவியில் திறக்கிற பொத்தான் மேலே இருக்கிறது. பூட்டுகிற பொத்தான் கீழே. கட்டைவிரலை மேலே கொண்டுபோனான்.

விரல் போகவில்லை.

யாரோ அதைப் பிடித்திருந்தார்கள்.

பக்கத்தில் ஆள் இல்லை. ஆனால் காய்ந்த, கொதிக்கிற விரல்கள் அவன் கட்டைவிரலைச் சுற்றி இறுகின. மடக்கப் பார்த்தான். நிமிர்த்தின. மறுபடி மடக்கினான். மறுபடி நிமிர்த்தின. கீழ்ப் பொத்தானில் கொண்டுபோய் வைத்தன. அழுத்தின.

டக்.

முன்விளக்குகள் ஒருமுறை மின்னி அணைந்தன.

இன்னொரு கையால் சாவியைப் பிடுங்கப் பார்த்தான். வரவில்லை. கத்தினான். தொண்டையில் காற்றுதான் வந்தது. ஆட்கள் அவனைக் கடந்து போய்க்கொண்டே இருந்தார்கள். துண்டு போர்த்திய பெண்கள், சிரிக்கிற பையன்கள், தலையில் எண்ணெய் வடிய ஒருவர். வண்டியைப் பூட்டுகிறான் என்று நினைத்திருப்பார்கள். யாரும் நிற்கவில்லை.

டக்.

உள்ளே அறைந்துகொண்டிருந்த கை தளர்ந்தது. தட்டியது.

டக்.

நெடுநேரம் கழித்து இன்னொரு தட்டு. பிறகு விரல்கள் கண்ணாடியில் கோடிழுத்துக்கொண்டு கீழே இறங்கின.

எவ்வளவு நேரம் அப்படி நின்றான் என்று அவனுக்குத் தெரியாது. சாரல் விட்டிருந்தது. விரலிலிருந்த பிடி ஒவ்வொன்றாகக் கழன்றது. சாவி கீழே விழுந்தது. குனிந்து எடுக்க முடியவில்லை. முன் கண்ணாடியின் வெளுப்பு கலைந்து உள்ளே தெரிந்தது. செந்தில்வேல் மறுபடி பின்சீட்டைப் பார்த்துத் திரும்பியபடி உட்கார்ந்திருந்தார். கண் திறந்திருந்தது. உதடு மண்ணைப் போல வெடித்திருந்தது. வேட்டியிலோ சட்டையிலோ ஒரு சொட்டு வேர்வை இல்லை.

“சார், இது உங்க வண்டியா?”

வண்டிக்கு அந்தப் பக்கம், பின்கதவை ஒட்டி ஒரு பெண் நின்றாள். வெளியூர். அருவியில் குளித்த ஈரத்தலை, தோளில் ஒரு பை, கையில் பெரிய தண்ணீர் பாட்டில். முகத்தில் கோபம்.

“வயசான மனுஷர இப்படியா பூட்டி வைக்கறது? பாவம், தண்ணி தண்ணின்னு சைகை காட்டிட்டே இருக்காரு. ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலேர்ந்து பார்த்துட்டு ஓடி வர்றேன்.”

இடது பக்கப் பின் கண்ணாடி நாலு விரற்கடை இறங்கியிருந்தது. அதற்குள் பாட்டிலின் வாயைச் சாய்த்துப் பிடித்திருந்தாள். மாரிச்செல்வம் நின்ற இடத்திலிருந்து உள்ளே இருப்பது தெரியவில்லை. பாட்டில்தான் தெரிந்தது. அதில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. விட்டு விட்டு, மடக்கு மடக்காக. ஒரு சொட்டுக்கூட வெளியே சிந்தவில்லை. பாட்டில் உள்நோக்கி இழுபட்டது. அவள் பிடியை இறுக்கிக்கொண்டாள்.

“மெதுவா... மெதுவாக் குடிங்க ஐயா.”

பாட்டில் நசுங்கிச் சப்பையானது. அவள் தோள் பைக்குள் கைவிட்டு இரண்டாவது பாட்டிலை எடுத்தாள்.